110 டாலரா, 700 டாலரா: கையடக்க ஸ்கேனர் வாங்கும் முன்

கேள்வி: ஐயா, நியூ ஜெர்சியின் எடிசன் பகுதியில், மெட்ரோபார்க் ரயில் நிலையத்துக்கு அருகே வசிக்கிறோம். 2025 ஏப்ரலில் நியூவர்க் விமான நிலையத்துக்கான ரேடாரும் ரேடியோவும் சற்று நேரம் செயலிழந்த செய்தியைப் படித்ததிலிருந்து, விமானிகள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்ற ஆசை என் 13 வயது மகளைப் பிடித்துக்கொண்டது. எனக்கு ரயில், தீயணைப்பு வண்டி, புயல் எச்சரிக்கை எல்லாவற்றிலும் ஆர்வம் உண்டு. இணையக் கடையில் தேடினால் 25 டாலருக்கு ஒரு சீன வாக்கி-டாக்கி, 110 டாலருக்கு ஒரு ஸ்கேனர் (பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் ரேடியோ), 700 டாலருக்கு இன்னொன்று என்று வருகிறது. "இப்போது எல்லாமே டிஜிட்டல், விலை குறைந்ததை வாங்கினால் குப்பையில்தான் போட வேண்டும்" என்கிறார் விற்பவர். "போலீஸ் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள், எதை வாங்கினாலும் தண்டம்" என்கிறார் நண்பர். எதை வாங்குவது? சட்டப்படி இது சரிதானா? கோடை விடுமுறையில் மதுரைக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: உங்கள் விற்பனையாளர், நண்பர் இருவருமே பாதி உண்மை சொல்கிறார்கள். இருவருமே போலீஸை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நீங்களோ உங்கள் கடிதத்தில் போலீஸைக் கேட்க வேண்டும் என்று எழுதவே இல்லை. விமானம், ரயில், தீயணைப்பு, வானிலை என்று நான்கைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த நான்கில் மூன்றுக்கு 110 டாலர் கருவி தாராளமாகப் போதும். நான்காவதுக்கு மட்டும் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். இருவழி ரேடியோ நிலையங்களைப் பராமரிப்பது என் தொழில். ஸ்கேனர் கேட்பது என் பொழுதுபோக்கு. எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரியாமல் எந்தக் கருவி என்று கேட்பவர்கள்தான் பெரும்பாலும் தவறான பெட்டியோடு வீடு திரும்புகிறார்கள். ஆகவே அலைவரிசைகளிலிருந்து தொடங்குவோம்.

முதலில் உங்கள் மகளின் ஆசை. பயணிகள் விமானங்கள் தரையோடு பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில். இன்றும் அது ஏஎம் முறையில், சாதாரண அனலாக் குரலாகவே ஒலிபரப்பாகிறது. மறையாக்கம் (பிறர் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டுவது) கிடையாது, டிஜிட்டலும் கிடையாது. உலகம் முழுக்க எந்த விமானமும் எந்த நாட்டிலும் பேசியாக வேண்டும் என்பதால் இதை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஏஎம் முறைக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. எஃப்எம் ஒலிபரப்பில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மற்றதை முழுவதுமாக விழுங்கிவிடும். கீழே மெலிதாக யாரோ அழைத்தது யாருக்கும் தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சிடும். அந்தக் கீச்சொலியைக் கேட்டே, இன்னொருவரும் அழைத்திருக்கிறார் என்று கட்டுப்பாட்டாளர் புரிந்துகொள்வார். பழைய முறையாக இருந்தாலும் இதைக் கைவிடாததற்கு இது ஒரு நல்ல காரணம்.

நியூவர்க் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அலைவரிசை 118.3 மெகாஹெர்ட்ஸ். எடிசனிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இங்கே ஓர் ஏமாற்றத்துக்கு உங்கள் மகளை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள். விமானிகளின் குரல் தெளிவாகக் கேட்கும், கோபுரத்தின் குரல் சரியாகக் கேட்காது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் செல்லும். ஆகாயத்தில் இருப்பவரை எதுவும் மறைப்பதில்லை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் அலை 400 கிலோமீட்டர் தொலைவிலும் எட்டும். தரையில் நிற்கும் கோபுரத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே மரங்கள், கட்டடங்கள், மேடுகள் எல்லாம் இருக்கின்றன. எனவே பாதி உரையாடல்தான் கிடைக்கும். கட்டுப்பாட்டாளர் சொன்ன முக்கிய உத்தரவுகளை விமானி திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது வழக்கம் என்பதால், அந்தப் பாதியிலேயே விஷயத்தின் பெரும்பகுதி இருக்கும். வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் விமானங்கள் தென்மேற்கிலிருந்து வந்து இறங்கும். அன்று உங்கள் பக்கத்து வானமும் சுறுசுறுப்பாக இருக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூவர்க்கை நெருங்கும் விமானங்களை வழிநடத்தும் பொறுப்பு 2024 ஜூலையில் லாங் ஐலண்டிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டது. 2025 ஏப்ரல் 28 அன்று சுமார் 90 விநாடி இருண்டுபோனது அந்த பிலடெல்பியா அறைதான். கோபுரம் வேறு, அணுகுமுகக் கட்டுப்பாடு வேறு என்பதை உங்கள் மகள் இதிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். ஒரே விமானம் அலைவரிசை மாற்றி மாற்றிப் பேசுவதைப் பின்தொடர்வது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சுகங்களில் ஒன்று. கருவி வாங்குவதற்கு முன்பே லைவ்ஏடிசி இணையதளத்தில் அவள் ஒரு வாரம் கேட்டுப் பார்க்கட்டும். வேகமாக உதிர்க்கும் எண்களும் பெயர்ச்சொற்களும் பிடிபடுகின்றனவா, அல்லது பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறதா என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ரயில் உங்களுக்கு இன்னும் எளிது. மெட்ரோபார்க் இருப்பதே நியூயார்க்கையும் வாஷிங்டனையும் இணைக்கும் வடகிழக்கு வழித்தடத்தில்தான். அதில் ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனத்தின் ரயில்கள் ஓடும்போது பேசும் அலைவரிசை 160.920 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க ரயில்வேக்கள் பொதுவாக 160.215 முதல் 161.565 வரை பேசுகின்றன. பெரும்பாலும் இன்னும் அனலாக் எஃப்எம்தான். ஓட்டுநர்களையும் கட்டுப்பாட்டு அறையையும் தவிர, தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் சோதனைக் கருவிகளும் இயந்திரக் குரலில் பேசுவதைக் கேட்பீர்கள். ரயில் கடந்ததும் அச்சுகளின் எண்ணிக்கையைச் சொல்லி, கோளாறு எதுவுமில்லை என்று அறிவிக்கும். முதன்முறை கேட்பவர்கள் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். வீட்டு வாசலில் ரயில் ஓசை கேட்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே அது வருவதைக் காற்றில் பிடிப்பதில் ஒரு சிறு கர்வமும் வரும்.

வானிலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேசிய வானிலைச் சேவை 162.400 முதல் 162.550 வரை ஏழு அலைவரிசைகளில் இருபத்துநான்கு மணி நேரமும் பேசிக்கொண்டே இருக்கிறது. நியூயார்க் வட்டாரத்துக்கு 162.550. அநேகமாக எல்லா ஸ்கேனர்களிலும் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். எப்போதும் ஒலித்துக்கொண்டிருப்பதால் கருவியும் ஆன்டெனாவும் வேலை செய்கின்றனவா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இனித் தீயணைப்பு. உங்கள் விற்பனையாளரின் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது.

முன்பு ஓர் ஊரின் தீயணைப்புப் படைக்கு ஓர் அலைவரிசை, போலீசுக்கு ஓர் அலைவரிசை என்று இருந்தது. இப்போது பல மாவட்டங்களும் மாநிலங்களும் ட்ரங்கிங் என்ற முறைக்கு மாறிவிட்டன. பத்துப் பதினைந்து அலைவரிசைகளை எல்லாத் துறைகளும் பொதுவில் வைத்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று கட்டுப்பாட்டுத் தடம். யாராவது பேசும் பொத்தானை அழுத்தினால், "இந்தக் குழு இப்போது இந்த அலைவரிசைக்குப் போகட்டும்" என்று அந்தத் தடம் விநாடியின் ஒரு பகுதிக்குள் உத்தரவிடும். பேச்சு முடிந்ததும் அந்த அலைவரிசை அடுத்தவருக்கு. சாதாரண ஸ்கேனரால் இந்த உத்தரவுகளைப் படிக்க முடியாது. அதன்மேல், இந்த அமைப்புகள் பி25 என்ற டிஜிட்டல் தரத்தில் இயங்குகின்றன. அனலாக் கருவியில் அது வெறும் உறுமலாகத்தான் கேட்கும். நியூ ஜெர்சி மாநில அரசின் பெரிய வலையமைப்பு இப்படி 700, 800 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் இயங்கும் பி25 அமைப்பு. 110 டாலர் கருவியான யூனிடன் பிசி125ஏடி 512 மெகாஹெர்ட்சோடு நின்றுவிடும். அந்தப் பட்டையை அது எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

ஆனால் எல்லா ஊர்களும் மாறிவிடவில்லை. தன்னார்வத் தீயணைப்புப் படைகள் பல, வீரர்களின் இடுப்பில் இருக்கும் பேஜரை ஒலிக்கச் செய்யும் அழைப்பை இன்னும் பழைய அனலாக் அலைவரிசையிலேயே அனுப்புகின்றன. பெரிய அமைப்புக்கு மாறிய இடங்களில்கூட பேஜர் அழைப்பு மட்டும் பழையபடி தொடர்வது உண்டு. நியூயார்க் சுற்றுவட்டாரத்துக்கு இன்னொரு விசேஷம், 470 முதல் 512 வரையிலான பட்டை. இதைப் பொதுப் பாதுகாப்புத் துறைகளிடமிருந்து பறித்து ஏலம் விட வேண்டும் என்று 2012-இல் சட்டம் வந்தது. 2020 டிசம்பரில் நாடாளுமன்றமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே அந்தப் பட்டையில் இன்னும் நிறைய ஆள்நடமாட்டம் இருக்கிறது.

உங்கள் ஊரில் என்ன நிலவரம் என்பதை ஊகிக்க வேண்டாம். ரேடியோரெஃபரன்ஸ் என்ற இணையதளத்தின் தரவுத்தளத்தில் நியூ ஜெர்சி, பிறகு உங்கள் மாவட்டம் என்று தேர்ந்தெடுத்தால் முழுப் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒலிபரப்பு முறை என்று ஒரு கட்டம் இருக்கும். சாதாரண எஃப்எம் என்று இருந்தால் மலிவான கருவியே போதும். பி25 என்றோ, ட்ரங்கிங் அமைப்பின் பக்கத்துக்கு அது உங்களை அழைத்துச் சென்றாலோ, விலை உயர்ந்த கருவி வேண்டும். ட்ரங்கிங் பக்கத்தில் குழுக்களின் பட்டியலில் டிஜிட்டலைக் குறிக்கும் எழுத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் "E" இருந்தால் அந்தக் குழு எப்போதும் பூட்டப்பட்டது என்று பொருள். சிறிய எழுத்தில் இருந்தால் சில நேரம் மட்டும் பூட்டுகிறார்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கேட்க விரும்பும் துறை, முறை, பூட்டு உண்டா இல்லையா. எந்தக் கருவி என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

பூட்டு என்றதும் உங்கள் நண்பரின் பாதி உண்மைக்கு வருகிறோம். போலீஸ் பேச்சு மறையாக்கத்துக்குள் போவது உண்மைதான். நியூயார்க் நகரக் காவல்துறை 2023-இல் புரூக்ளினில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக மாற்றிவருகிறது. மறையாக்கம் செய்த பேச்சை 700 டாலர் கருவியும் திறக்காது, 7,000 டாலர் கருவியும் திறக்காது. திறக்க முயல்வதே குற்றம். எந்த விற்பனையாளராவது "இது எல்லாவற்றையும் கேட்கும்" என்று சொன்னால், அவரிடம் எதையும் வாங்காதீர்கள். தீயணைப்பும் அவசர மருத்துவமும் போலீஸ் அளவுக்குப் பூட்டப்படவில்லை. பக்கத்து ஊர்ப் படைகள் ஒன்றையொன்று உதவிக்கு அழைக்க வேண்டியிருப்பதால், பூட்டுவது அவர்களுக்கே தொந்தரவு.

உங்கள் தாளில் பி25 அமைப்பு வந்துவிட்டது, அது பூட்டப்படவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் ரேடியோ கோபுரங்களின் பெயரில் "சிமல்காஸ்ட்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். விலைப் பட்டியலில் எங்கும் வராத, பணத்தை அதிகம் விழுங்கும் சொல் அது. பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும் முறைதான் சிமல்காஸ்ட். உங்கள் வீடு இரண்டு கோபுரங்களுக்கு இடையே இருந்து, ஒன்றின் அலை மற்றதைவிட 10 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணித்து வந்தால், அது 33 மைக்ரோ விநாடி தாமதமாக வரும். பி25 தரத்தின் முதல் வடிவமான முதற்கட்டத்தில் விநாடிக்கு 4,800 குறியீடுகள் செல்கின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறக்குறைய 208 மைக்ரோ விநாடி. அதில் ஆறில் ஒரு பங்கு நேரம் ஒன்றன்மேல் ஒன்று இடறி விழுந்தால் என்ன ஆகும்? கருவியில் அலையின் வலுவைக் காட்டும் கோடுகள் முழுதாக நிற்கும், குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் உடைந்து வரும். வாங்கியவர் கருவி பழுது என்று திருப்பி அனுப்புவார். பழுது எதுவும் இருக்காது.

பழைய டிஜிட்டல் ஸ்கேனர்கள் இந்த அலையைச் சாதாரண எஃப்எம் போலப் பிரித்துப் பார்ப்பதால் இதில் திணறுகின்றன. 2018-இல் வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100 அலையின் வீச்சையும், சுழற்சியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடுத்துக் கணக்கிடுகிறது. சிமல்காஸ்ட் பகுதியில் கையடக்க ஸ்கேனர் வேண்டுமென்றால் நான் சொல்லும் பெயர் அதுதான். நீங்கள் பார்த்த 700 டாலர் பெட்டியும் அநேகமாக அதுவாகவே இருக்கும். அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்தால் வட்டாரத்தின் அலைவரிசைகளைத் தானே நிரப்பிக்கொள்ளும். வாரந்தோறும் புதுப்பிக்கப்படும் தரவுத்தளத்தை அதன் இலவச மென்பொருள் இறக்கித் தரும். குறைகளும் உண்டு. பாட்டரியை வேகமாகக் குடிக்கும், கை பொறுக்கும் அளவுக்குச் சூடாகும். டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் போன்ற வேறு டிஜிட்டல் முறைகள் வேண்டுமானால் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். விமானத்தை மட்டும் கேட்பதற்கு இதை வாங்கினால் 110 டாலர் கருவி தரும் அதே குரலைத்தான் தரும்.

இடைப்பட்ட விலையில் யூனிடனின் பிசிடி436எச்பி, பிசிடி325பி2 போன்ற டிஜிட்டல் ஸ்கேனர்கள் இருக்கின்றன. சிமல்காஸ்ட் இல்லாத, ஒற்றைக் கோபுர அமைப்புள்ள ஊர்களில் அவை அருமையானவை. சென்ட்ரல் ஜெர்சி போன்ற நெரிசலான இடத்தில் நான் தயங்குவேன். நானூறு டாலர் கொடுத்துவிட்டு ஜன்னல் ஜன்னலாக நின்று, ஒரு கோபுரம் மட்டும் தெரியும் மூலையைத் தேடிக்கொண்டிருப்பது நல்ல பொழுதுபோக்கு அல்ல.

25 டாலர் சீன வாக்கி-டாக்கியைப் பற்றி. அது ஸ்கேனர் அல்ல, ஒலிபரப்பும் கருவி. ஒவ்வோர் அலைவரிசையாக மெதுவாக நகரும். ஸ்கேனர் பல பத்து அலைவரிசைகளைத் தாண்டும் நேரத்தில் இது சிலவற்றைத்தான் பார்த்திருக்கும். பரவலாக விற்கும் பவ்ஃபெங் யூவி-5ஆர் அடிப்படை மாடலில் விமானங்களின் ஏஎம் பட்டை கிடையாது. குவான்ஷெங் யூவி-கே5 போன்ற சிலவற்றில் உண்டு. ஆனால் பக்கவாட்டில் இருக்கும் பேசும் பொத்தான்தான் என் கவலை. தீயணைப்பு அலைவரிசையில் வைத்துவிட்டு ஒரு குழந்தை தெரியாமல் அழுத்தினால் அது விளையாட்டாக முடியாது. கேட்பதற்கு மட்டும் என்றால் கேட்க மட்டுமே தெரிந்த கருவியை வாங்குங்கள். உங்கள் மகளுக்குப் பேசவும் ஆசை வந்தால், பொழுதுபோக்காகப் பேச உரிமம் தரும் அமெச்சூர் ரேடியோவின் டெக்னீஷியன் தேர்வு இருக்கிறது. 35 கேள்விகளில் 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. வயது வரம்பு இல்லை.

உங்கள் பட்டியலில் விடுபட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தால் 30, 40 டாலருக்குக் கிடைக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யூஎஸ்பி குச்சி. தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்த சில்லை ஆர்வலர்கள் ரேடியோவாக மாற்றிக்கொண்டது அது. எஸ்டிஆர்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளோடு சேர்த்தால் பூட்டப்படாத பி25 ட்ரங்கிங்கைக் கேட்கலாம். பரந்து கிடக்கும் அமைப்புக்கு இரண்டு குச்சிகள் தேவைப்படலாம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது என்பதுதான் குறை. உங்கள் மகளுக்கு இதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பிக்கொண்டே செல்கின்றன. அதே குச்சி அதைப் பிடித்து வரைபடத்தில் காட்டும். கையில் குரல், திரையில் விமானம்.

ஆகவே என் பரிந்துரை: இப்போதைக்கு பிசி125ஏடி. 500 தடங்கள், விமானம், ராணுவ விமானம், ரயில், கடல், வானிலை, அனலாக் தீயணைப்பு எல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொரு தடத்துக்கும் பெயர் எழுதி வைக்கலாம் என்பது சின்ன வசதியாகத் தோன்றும். நூறு தடங்கள் நிரம்பியபின் அதன் அருமை தெரியும். அதைவிட மலிவான பிசி75எக்ஸ்எல்டியில் பெயர் வசதி கிடையாது. இருபது, முப்பது டாலர் மிச்சம் பிடிக்க அங்கே இறங்க வேண்டாம். உங்கள் தாளில் தீயணைப்பு முழுக்க பி25 என்று வந்தால், அவசரப்பட்டு எஸ்டிஎஸ்100-க்குத் தாவாமல் முதலில் யூஎஸ்பி குச்சியில் ஒரு மாதம் கேளுங்கள். உண்மையிலேயே தினமும் கேட்கிறீர்கள் என்று தெரிந்தபின் 700 டாலரைப் பற்றி வீட்டில் பேச்செடுக்கலாம்.

மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை ஆன்டெனாவில் போடுங்கள். கருவியோடு வரும் ரப்பர் குச்சி எல்லாப் பட்டைக்கும் பொதுவாகச் செய்தது, எதற்கும் பொருந்தாதது. கால் அலைநீளக் கணக்குப்படி விமானப் பட்டைக்கு 60 சென்டிமீட்டர், ரயிலுக்கு 47 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். பிஎன்சி இணைப்புள்ள நீட்டிச் சுருக்கும் ஆன்டெனா 15, 20 டாலருக்குக் கிடைக்கும். இரண்டு தேவைக்கும் அதையே இழுத்து அளந்துகொள்ளலாம். எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். புதிய வீடுகளின் ஜன்னல் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு இருக்கும், அது ரேடியோ அலையையும் தடுக்கும். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று கருவியைக் குறை சொல்பவர்கள் அதே ஜன்னலைத் திறந்தால் வேறு உலகம் கேட்கும்.

பழைய கருவி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வாரக்கடைசியில் வீட்டு வாசல் விற்பனைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் எடிசனில் இருக்காது. அனலாக் கருவி என்றால், பாட்டரி அறையில் பச்சைப் படிவு இல்லாமலும், 2013-இல் கட்டாயமான குறுகிய அகல ஒலிபரப்பைக் கேட்கும் வசதியோடும் இருந்தால் வாங்கலாம். அந்த வசதி இல்லாததில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பழைய டிஜிட்டல் என்றால் கவனம். யூனிடன் பிசிடி396எக்ஸ்டி, ரேடியோஷாக் கடைகளில் விற்ற புரோ-96, புரோ-106 எல்லாம் பி25 முதற்கட்டத்தோடு நின்றவை. இரண்டாம் கட்டத்துக்கு மாறிவிட்ட அமைப்பில் அவை ஊமை. "டிஜிட்டல்" என்று அட்டையில் எழுதி 200 டாலர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

சட்டம். அமெரிக்காவில் ஸ்கேனர் வைத்திருப்பதும், பூட்டப்படாத பொதுப் பாதுகாப்பு, விமான, ரயில் பேச்சுகளைக் கேட்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமல்ல. கைப்பேசிப் பேச்சைக் கேட்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்த அலைவரிசைகள் அடைக்கப்பட்ட ஸ்கேனர்கள் மட்டுமே இங்கே விற்பனைக்கு வருகின்றன. கேட்டதை வைத்து ஆதாயம் தேடுவதற்கு 1934-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்திலேயே கட்டுப்பாடு இருக்கிறது. நியூ ஜெர்சியில், குற்றம் செய்யும்போது இத்தகைய கருவி கையில் இருந்தால் அது தனிக் குற்றம், வீட்டில் கேட்பவருக்குச் சிக்கல் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது பாலத்துக்கு அந்தப் பக்கம். நியூயார்க் மாநில வாகனச் சட்டத்தின் 397-ஆம் பிரிவு, காவல்துறை அலைவரிசைகளைக் கேட்கும் கருவியை அனுமதியின்றி வண்டியில் பொருத்துவதைக் குற்றமாக்குகிறது. அமெச்சூர் உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. பையில் வைத்திருப்பது பொருத்தியதாகுமா என்று சாலையோரத்தில் ஓர் அதிகாரியோடு வாதாடுவதைவிட, வீட்டில் வைத்துவிட்டுப் போவது சுலபம்.

சட்டம் சொல்லாத ஒன்றை உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லுங்கள். தீயணைப்பு அலைவரிசையில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் நோயும் வரும். அடுத்த தெரு மாமாவுக்கு நெஞ்சுவலி என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கல்ல இந்தக் கருவி. தீப்பிடித்த இடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவதும் கூடாது.

லண்டனிலிருந்தும் இதே கேள்வி அடிக்கடி வருவதால் ஓர் இடைச்செருகல்: பிரிட்டனில் ஸ்கேனர் வாங்குவது தவறல்ல. ஆனால் தமக்கென்று அனுப்பப்படாத பேச்சை அனுமதியின்றிக் கேட்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி குற்றம். எடிசன் வாசகருக்குச் சொன்னதை அங்கே அப்படியே பொருத்திக்கொள்ள வேண்டாம்.

கருவி வந்ததும் எல்லா அலைவரிசைகளையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். வானிலை நீங்கலாக விமானத்துக்கு ஆறேழு, ரயிலுக்கு இரண்டு மூன்று போதும். இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் அளவை, இரைச்சல் நிற்கும் புள்ளியைத் தாண்டிச் சற்று மட்டும் ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் தொலைவில் பேசுபவர்கள் எல்லாரும் காணாமல் போவார்கள். ஓயாமல் ஒலித்துத் தொந்தரவு செய்யும் தடத்தைப் பூட்டிவைக்கத் தனிப் பொத்தான் உண்டு, அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். பாட்டரி அறைக்குள் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். சாதாரண அல்கலைன் பாட்டரி போட்டிருக்கும்போது அதை ரீசார்ஜ் பக்கம் வைத்து யூஎஸ்பி கம்பியைச் செருகிவிடக் கூடாது.

கடைசியாக மதுரை. எடுத்துச் செல்ல வேண்டாம். இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொட்டே ரேடியோ கருவியை உரிமமின்றி வைத்திருப்பது சிக்கலான விஷயம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் உரிமத்தை அடிப்படையாகக் கொண்டதுதான். அமெரிக்காவில் கடையில் வாங்கினேன், கேட்க மட்டும்தான் செய்யும் என்று சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் விளக்கிக்கொண்டு நிற்பதில் விடுமுறையின் முதல் நாளைக் கழிக்க வேண்டுமா? 110 டாலர் கருவி பறிபோவதைவிட, விசாரணைக்காக அமர்ந்திருப்பதுதான் பெரிய நஷ்டம். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், கிளம்புமுன் உள்ளே இருக்கும் பாட்டரிகளைக் கழற்றி வையுங்கள். இரண்டு மாதம் அப்படியே கிடந்தால் கசிந்து தகடுகளை அரித்துவிடலாம்.